வேலை போன வேட்டை நாய்கள்

நாட்டு நாய்களைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளுக்கு ஒரு வாய்பாடு உருவாகிவிட்டது. முதல் பத்தியில் சங்க இலக்கியத்து ஞமலி வரும். அடுத்த பத்தியில் பாளையக்காரர்கள் வருவார்கள். பாஞ்சாலங்குறிச்சிக் காட்டில் முயலொன்று வேட்டை நாய்களை எதிர்த்து விரட்டியதாகச் சொல்லப்படும் கதை தவறாமல் வரும். பிறகு, வெள்ளைக்காரன் தன் நாய்களைக் கொண்டுவந்து நம் நாய்களை மதிப்பிழக்கச் செய்தான் என்ற குற்றச்சாட்டு. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தலைகளில் ராஜபாளையம் இடம்பெற்ற பெருமை, கூடவே சிப்பிப்பாறையும் கன்னியும் விடுபட்ட மனக்குறை. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் அவ்விரண்டின் பெயர்களையும் சொன்னதோடு அந்தக் குறையும் தீர்ந்தது. முடிவில், இனம் காப்போம் என்றொரு அறைகூவல்.

இக்கட்டுரைகள் எதுவும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. பாளையங்கோட்டை பெருமாள்புரத்தின் தெருவொன்றில் மாலை ஐந்தரை மணிக்கு ஒரு கன்னி நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடப்பவரின் எதிரே ஓர் ஆட்டுக்குட்டி துள்ளி ஓடினால் என்ன ஆகும் என்பதுதான் அது. இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் அந்த இனத்தைப் புகழ்கிறவர்களோடுதான் எங்கள் சண்டை.

பந்தய நாடுகளில் கிரேஹவுண்டுகள் ஓய்வு பெறுகின்றன. நான்கைந்து வயதில் வேகம் தளர்ந்ததும், அல்லது அதற்கு முன்பே காயம்பட்டதும், இந்த நாயை இனி என்ன செய்வது என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. நம் பக்கத்தில் தனித்தனி நாய்கள் ஓய்வு பெறவில்லை. ஓர் இனம் முழுவதுமே ஓய்வு பெற்றது. 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. 1991-இல் வந்த திருத்தம், உரிமம் பெற்றுச் சிறு விலங்குகளை வேட்டையாட இருந்த வழியையும் அடைத்தது. சட்டம் சரியானதே, அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. (அதை மீறி, திருவிழாவை ஒட்டி முயல் வேட்டைக்குப் போவதும் வனத்துறை வழக்குப் போடுவதும் இன்றும் செய்திகளில் வரத்தான் செய்கின்றன.) ஆனால் முயலைத் துரத்துவதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து இணைசேர்க்கப்பட்ட நாய்க்கு அத்தோடு வேலை போயிற்று. ஆலை மூடினால் தொழிலாளிக்கு என்ன ஏற்பாடு என்று கேட்கத் தெரிந்த நாம் இங்கே அப்படிக் கேட்கவில்லை. ஏற்பாட்டுக்குப் பதிலாகப் பெருமையைக் கொடுத்தோம். 2017 ஜனவரியின் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு அந்தப் பெருமைக்கு ஒரு சந்தையும் கிடைத்தது. நாட்டு மாடு, நாட்டுக் கோழி, நாட்டு நாய். மாட்டையும் கோழியையும் எல்லோராலும் அடுக்குமாடிக்குக் கொண்டுபோக முடியாது. நாயைக் கொண்டுபோகலாம் என்று நினைத்துவிட்டார்கள்.

துரத்துதல் என்பது என்ன என்று முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்க விலங்கியலாளர் ரேமண்ட் காப்பிங்கரும் அவர் மனைவி லோர்னாவும் நாய்களைப் பற்றி 2001-இல் வெளியிட்ட நூலில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். இரையைக் கண்டு திரும்புதல், உற்று நோக்குதல், பதுங்குதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல், கிழித்தல் என்று ஓநாயிடம் ஒரு சங்கிலி இருக்கிறது. மனிதன் வெவ்வேறு நாய் இனங்களில் இந்தச் சங்கிலியின் வெவ்வேறு கண்ணிகளைப் பெருக்கியும் சுருக்கியும் வைத்திருக்கிறான். ஆடு மேய்க்கும் கோலி நாயிடம் உற்று நோக்குவதும் பதுங்குவதும் மிகுதி, கவ்விக் கொல்வது அடங்கிவிட்டது. கண்ணால் வேட்டையாடும் நாய்களிடம், அதாவது கிரேஹவுண்டு, சலூக்கி, முதோல், நம் சிப்பிப்பாறை, கன்னி ஆகியவற்றிடம், துரத்தும் கண்ணிதான் பூதாகரமாக வளர்க்கப்பட்டிருக்கிறது. முக்கியமான செய்தி என்னவென்றால், இந்த நடத்தைக்கு வெளியிலிருந்து கூலி தேவையில்லை. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஓடுவதே நாய்க்கு இன்பம். பசியால் துரத்தவில்லை, ஆகவே சோறு போட்டு நிறுத்த முடியாது. குரோதத்தால் துரத்தவில்லை, ஆகவே அடித்துத் திருத்தவும் முடியாது. அசைவு கண்ணில் பட்டதும் காது அடைத்துக்கொள்கிறது. ஐம்பது மீட்டர் போனபின் பெயர் சொல்லிக் கூப்பிடுவது காற்றோடு பேசுவதுதான்.

இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் இரண்டு வகை. ஒரு சாரார், வேட்டைப் புத்திதானே அதன் கம்பீரம், அதை அடக்குவது இனத்துக்கே இழுக்கு என்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பூனை செத்துக் கிடக்கும்போது இவர்களுக்கு மீசை துடிக்கிறது. இன்னொரு சாரார், எல்லாம் வளர்ப்பில் இருக்கிறது, குட்டியிலிருந்து அன்பாக வளர்த்தால் எந்த நாயும் மாறும் என்கிறார்கள். முதல் சாராரைவிட இவர்கள் ஆபத்தானவர்கள் என்பது எங்கள் கருத்து. ஏனெனில் இவர்களை நம்பித்தான் நல்லவர்கள் நாய் வாங்குகிறார்கள். ஒன்றரை வயதில் அந்த நாய் முதல் ஆட்டைப் பிடிக்கும்போது, தங்கள் அன்பில்தான் ஏதோ குறை என்று எண்ணி வெட்கப்படுகிறார்கள். அந்த வெட்கம் சீக்கிரமே கோபமாகிறது. பிறகு ஒருநாள் இரவில் நாய் நான்குவழிச் சாலையோரம் இறக்கிவிடப்படுகிறது. மறுநாள் முதல் அது தெருநாய். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெருநாய்கள் பற்றி ஒரு உத்தரவிட்டு, அதே மாதத்தில் அதைத் திருத்தியும் உத்தரவிட்டபோது நாடெங்கும் எழுந்த கூச்சலில், தெருவில் நிற்கும் நாய்களில் எத்தனை வீடுகளிலிருந்து வந்தவை என்று கேட்டவர்கள் மிகச் சிலர்.

எங்களில் இருவரின் வீடுகளில் இப்போது கன்னி நாய்கள் இருக்கின்றன. இரண்டும் குட்டியாக வாங்கப்பட்டவை அல்ல, வேறு யாரோ வளர்த்து முடியாமல் கைவிட்டவை. ஆகவே புத்தகத்தில் படித்ததை மட்டும் வைத்துக்கொண்டு இதை எழுதவில்லை.

முதலில் பொதுவாக நம்பப்படும் ஒரு பொய்யைப் போக்க வேண்டும். இந்த நாய்களுக்கு நாளெல்லாம் ஓட இடம் வேண்டும் என்பார்கள். வேண்டாம். குறுகிய தூரத்தை அசுர வேகத்தில் ஓடும் உடம்பு இது. ஓடிய நேரம் போக மற்ற நேரமெல்லாம் தூங்கும். வளர்ந்த கன்னி நாயைப் போல் வீட்டுக்குள் சத்தமில்லாமல் கிடக்கும் பிராணி வேறில்லை. தோல் மெல்லியது, முள்வேலியில் உரசினால் காகிதம்போல் கிழியும். மார்கழிக் குளிரில் சாக்கைத் தேடிப் போய்ச் சுருண்டுகொள்ளும். காட்டு வீட்டில் வளர்ந்தது என்றால் வழவழப்பான தரையும் மாடிப்படியும் சில வாரங்களுக்கு அதற்கு ஒரு பெரிய அச்சம். கைவிடப்பட்ட பந்தய கிரேஹவுண்டுகளைத் தத்தெடுத்தவர்கள் மேல்நாட்டில் எழுதிவைத்திருக்கும் அனுபவங்களை நாங்கள் படித்தபோது, எங்கள் வீட்டு நாயைப் பார்த்து எழுதியதுபோல இருந்தது. அங்கும் படிதான் பயம், அங்கும் மெத்தைதான் ஆசை.

வாசலைத் தாண்டினால் அது வேறு நாய். தாமிரபரணிக் கரையில் இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்த நாய் உருவான மண் கோவில்பட்டி, கழுகுமலை, சிப்பிப்பாறை என்று விரியும் கரிசல் காடு. கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி, நடுவே ஓடையும் உடைமரமும், ஓடுகிற முயல். அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் பேருந்து திருநெல்வேலிக்கு வந்துவிடும். ஆனால் நாய்க்கு அது வேறு கிரகம். வயல், வாய்க்கால், வாழைத்தோட்டம், வரப்பில் மேயும் மயில், கால்வாய்க் கரையில் மாடு, திரும்பினால் தார்ச்சாலை. எதைத் துரத்தினாலும் குற்றம். மயில் தேசியப் பறவை, அதைக் கொன்றால் சட்டம் சும்மா விடாது. கிழக்கே ஆற்றை ஒட்டியே வல்லநாட்டு வெளிமான் சரணாலயம் இருக்கிறது. தென்கோடியில் எஞ்சியிருக்கும் வெளிமான்கள் அவை. மேற்கே பாபநாசம் தாண்டினால் களக்காடு - முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அவிழ்த்துவிட்ட ஒரு வேட்டை நாய்க்கு இந்தப் பள்ளத்தாக்கில் ஓரிடமும் இல்லை.

எல்லாவற்றிலும் கடினமான காலம் பிசான அறுவடைக்குப் பின் வருகிறது. தாள் நிற்கும் வயல்களில் ஆட்டுக்கிடை வந்து அமரும். வாத்துக்காரர்களும் வருவார்கள். நூற்றுக்கணக்கான ஆடுகள் திறந்த வெளியில், ஒரு பட்டி வலையை நம்பி இரவைக் கழிக்கும். அந்த நேரத்தில் ஒரு கன்னி நாய் கயிற்றை உருவிக்கொண்டு போனால் சேதம் ஓர் ஆட்டோடு நிற்காது. மந்தை மிரண்டு ஓடும், ஓடுவதைப் பார்க்கப் பார்க்க நாய்க்கு வெறி ஏறும், சினை ஆடுகள் கன்று வீசும். கி. ராஜநாராயணனின் ‘கிடை’யைப் படித்தவர்களுக்கு அந்த உலகம் எவ்வளவு நொய்மையான கணக்குகளின்மேல் நிற்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. மாதச் சம்பளக்காரனின் நாய்ப் பெருமைக்கு ஆட்டுக்காரன் எதற்காக விலை கொடுக்க வேண்டும்? நாட்டு நாய்க் கட்டுரைகளில் ஆட்டுக்காரன் வருவதே இல்லை.

ஆகவே நாங்கள் கயிற்றோடு வாழ்கிறோம். அதில் அவமானம் எதுவும் இல்லை. இந்த நாய்களின் கழுத்து தலையைவிடப் பருமனானது, சாதாரணப் பட்டையிலிருந்து தலையை நொடியில் உருவிக்கொள்ளும். இழுத்தால் அளவாக இறுகும் அகலப் பட்டைதான் வேண்டும். கயிறு நீளமாக இருக்கக் கூடாது. நீளக் கயிற்றில் முழு வேகம் எடுத்துவிட்டு முனையில் அறைபடும் நாய்க்குக் கழுத்தெலும்பே போய்விடும். நாலடி மதில் இதற்கு மதிலே அல்ல. வெளியே போகும்போது வாய்க்கூடு. உழவு மாட்டுக்குப் பயிரை மேயாமல் கட்டுகிறோமே, அதே கருத்துதான், கம்பியில் செய்தது. மூச்சு வாங்கவும் நீர் குடிக்கவும் இடம் விட்டுச் செய்தால் நாய் இரண்டு வாரத்தில் பழகிக்கொள்ளும். பழகாதவர்கள் தெருவில் பார்ப்பவர்கள்தாம். "வாயைக் கட்டி வதைக்கிறீர்களே" என்று எங்களைக் கேட்டவர்களுள் குறைந்தது இருவர் தங்கள் நாயை இரவில் அவிழ்த்துவிடுகிறவர்கள். வீட்டுக்குள் பூனையோடு பழகிய நாய், அதே பூனை தோட்டத்தில் ஓடும்போது அதை அடையாளம் கண்டுகொள்ளும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அந்நேரத்தில் அது பூனை அல்ல, ஓர் அசைவு.

இவ்வளவும் தெரிந்துகொள்ள எங்களுக்கு உதவியது கிரேஹவுண்டு நாடுகளின் அனுபவம். பிரிட்டனில் ஓய்வு பெற்ற கிரேஹவுண்டுகளுக்கான அறக்கட்டளை 1975-இல் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், வீட்டுக்கு வந்த கிரேஹவுண்டும் வெளியே வரும்போது வாய்க்கூடு அணிந்தாக வேண்டும் என்ற விதி 2018 முடியும்வரை இருந்தது. சோதித்துத் தேறிய நாய்க்குப் பச்சைக் கழுத்துப்பட்டை கொடுத்து விலக்கு அளித்தார்கள். சிறு விலங்கைக் காட்டிப் பார்ப்பது, பூனை உள்ள வீட்டுக்கு எது போகலாம் எது போகக் கூடாது என்று எழுதிக் கொடுப்பது, சரிப்படாவிட்டால் திருப்பி வாங்கிக்கொள்வது ஆகிய மூன்றும் தத்துக் கொடுப்பவரின் கடமை. இதில் அன்பைப் பற்றிய பேச்சே இல்லை. நாய் எப்படிப்பட்டது என்ற உண்மையை முதல் நாளே சொல்லிவிடுவது மட்டும்தான். அதையும் அப்பழுக்கற்ற சேவை என்று நாங்கள் சொல்லவில்லை. சூதாட்டத்துக்காக நாய்களை உற்பத்தி செய்த தொழில் தன் முகத்தைக் கழுவிக்கொள்ளத் தத்துத் திட்டங்களைப் பயன்படுத்தியது என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு.

இதைச் சொல்ல ஒரு அவசரம் இருக்கிறது. இப்போது நம் பக்கத்திலும் நாய்ப் பந்தயம் வேண்டும் என்று சிலர் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். வேட்டை போயிற்று, பந்தயம் வைத்தால் நாய்க்கு வேலையும் கிடைக்கும் இனமும் பிழைக்கும் என்பது அவர்கள் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பரிசோதனையை உலகம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டது. 1919-இல் கலிபோர்னியாவின் எமரிவில்லில் ஓவன் பாட்ரிக் ஸ்மித் என்பவர் உயிருள்ள முயலுக்குப் பதிலாக இயந்திர முயலை ஓடவிட்டுப் பந்தயத் தடம் அமைத்தபோது, இனி எந்த உயிருக்கும் சேதமில்லை என்பதுதான் பெருமை. 1926-இல் அது மான்செஸ்டருக்கு வந்தது. விளைவு என்ன? முயல் பிழைத்தது, நாய் செத்தது. பந்தயம் ஜெயிக்கும் நாயைத்தான் வேண்டும் என்கிறது. ஜெயிக்கும் ஒரு நாய்க்காக ஈனப்படும் மற்றக் குட்டிகள் எங்கே போயின என்ற கேள்விதான் அந்தத் தொழிலின் நூற்றாண்டு வரலாறு. இயந்திர முயலும் முழுமையாக இயந்திரமாக இருக்கவில்லை. 2015-இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி, பயிற்சிக்கு உயிருள்ள விலங்குகளைக் கட்டிவிட்டதை மறைகாணொளியில் காட்டியது. மக்காவ் பந்தயத் திடல் 2018 ஜூலையில் மூடப்பட்டபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட கிரேஹவுண்டுகள் போக்கிடமின்றி நின்றன, அவற்றைக் கண்டம் கண்டமாகத் தத்தனுப்ப வேண்டியிருந்தது. புளோரிடா மக்கள் 2018-இல் வாக்களித்து 2020 முடிவோடு பந்தயத்தை நிறுத்தினார்கள். நியூசிலாந்து 2024 டிசம்பரில் பந்தயத்தை முடிவுக்குக் கொண்டுவருவதாக அறிவித்தது. அவர்கள் கடையைக் கட்டும் வேளையில் நாம் திறக்க வேண்டுமாம்.

வேலியிட்ட ஒரு நிலத்தில் சாக்குத் துணியைக் கயிற்றில் கட்டி இழுத்து நாயை ஓடவிடுவதை நாங்கள் எதிர்க்கவில்லை. நாங்களே செய்கிறோம். அது ஏற்கெனவே இருக்கும் நாய்க்கு விளையாட்டு. பரிசும் பணமும் வந்துவிட்டால் அதன்பின் விளையாட்டுக்காக நாய் பிறக்க வேண்டியிருக்கும்.

பெருமைக் கட்டுரைகளில் இன்னொரு மறைப்பும் உண்டு. இந்த நாய்களைப் பாளையக்காரரின் நாய் என்றும் ஜமீன் நாய் என்றும் எழுதுகிறோம். கன்னி என்ற பெயர்க் காரணத்துக்கு மணப்பெண்ணோடு சீராகக் கொடுத்த கதையைச் சொல்கிறோம். கருப்பு உடம்பில் செம்மை படர்ந்தால் கன்னி, வெளிர் நிறமென்றால் பால்கன்னி, மற்றவை சிப்பிப்பாறை என்று நிறம் பிரிக்கிறோம். இவற்றோடு காட்டில் ஓடியவர்கள் யார், குட்டிக்குக் கம்பங்கூழ் ஊற்றியவர்கள் யார் என்பது எழுதப்படுவதில்லை. மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ 2018-இல் வந்தது. வேட்டை முடிந்து குளத்தில் நாய்களைக் குளிப்பாட்டும் தலித் இளைஞர்களோடு தொடங்கும் அந்தப் படத்தில், கருப்பி என்ற நாய் தண்டவாளத்தில் கட்டிக் கொல்லப்படுகிறது. யார் வேட்டை நாய் வைத்துக்கொள்ளலாம் என்பதே சாதி தீர்மானித்த ஒன்று என்பதைத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து அவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன படைப்பு வேறில்லை. படம் வந்தபின் நடந்ததென்ன? கருப்பி என்ற பெயர் பரவியது. எந்தச் சாதிப் பெருமையை அந்தப் படம் தோலுரித்ததோ, அதே பெருமையின் அடையாளமாக அதே நிற நாயை வாங்கிக் கட்டுகிறவர்களையும் நாங்கள் பார்த்துவிட்டோம். நாய்க்கு இதில் சம்பந்தமில்லை. ஆனால் இந்த நாயின் வரலாற்றை எழுதுகிறவனுக்குச் சம்பந்தம் உண்டு. சு. தியடோர் பாஸ்கரன் போல, இந்திய நாய்களைப் பற்றி 2017-இல் ஒரு முழு நூலே எழுதிய அளவுக்கு உழைத்தவர்கள் இங்கே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மற்றவர்கள் அவ்வளவு உழைக்க வேண்டாம், கைவிடப்பட்ட ஒரு நாயை ஒரு மாதம் வைத்திருந்து பார்த்துவிட்டு எழுதினால் போதும்.

அரசு செய்ததையும் சொல்லிவிட வேண்டும். 2017-இன் மத்திய விதிகள் எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. 2020-இல் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தேசிய அளவில் இனங்களாகப் பதிவு பெற்றன. 2024-இல் தமிழக அரசு நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, குளிர்நாட்டு நாய்கள் சிலவற்றை இங்கே பெருக்குவதற்குத் தடை சொல்லி நாட்டு இனங்களை ஆதரித்தது. எல்லாம் குட்டி பிறப்பதைப் பற்றியவை. மூன்று வயதில் கைவிடப்படும் நாயைப் பற்றித்தான் எங்கள் கேள்வி. விற்கிறவர், இது துரத்தும் நாய், இன்னின்ன வீட்டுக்கு ஆகாது என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். வாங்கியவரால் முடியாதபோது விற்றவரே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டும் கட்டாயமானால் குட்டி வியாபாரத்தில் பாதி அன்றைக்கே நின்றுவிடும் என்பது எங்களுக்குத் தெரியும். நிற்கட்டும். இனம் அழிந்துவிடும் என்று அப்போதும் சிலர் அலறுவார்கள். சாலையோரத்தில் செத்துக் கிடக்கும் நாயும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. கைவிடப்பட்ட கன்னி, சிப்பிப்பாறை நாய்களை அங்கே சில வாரங்கள் வைத்திருந்து, ஆட்டையும் கோழியையும் பூனையையும் தூரத்தில் காட்டிச் சோதித்து, எந்த வீட்டுக்கு எது போகலாம் என்று எழுதித் தர முடியும். இதற்கு ஆறடி வேலி போட்ட ஒரு ஏக்கர் நிலமும், சில கூண்டுகளும், பொறுமையுள்ள இரண்டு ஆட்களும் போதும். தத்தெடுக்க வருகிறவர்களுக்கு முதல் பாடத்தை நடத்த ஒரு ஆட்டுக்காரரைக் கூப்பிட வேண்டும், அவருக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும்.